மணலில் புதைந்த மருந்து

டென்மார்க் தேசத்து ஜட்லாந்துத் தீபகற்பத்தில், ஒருகாலத்தில் காற்றுக்கும் குத்துச்செடிக்குமன்றி வேறெதற்கும் இடந்தராதிருந்த மணற்பூமியின் நடுவே கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1864-ஆம் ஆண்டு யுத்தத்தில் தென்புறத்து மாகாணங்களைப் பறிகொடுத்த அத்தேசத்தார், எஞ்சிய தரிசையாவது விளைநிலமாக்குவோமென்று 1866-இல் ஒரு சங்கம் கண்டு, டால்காஸ் என்பாரின் தலைமையில் மரம் நட்டுப் பாடுபட்ட சரித்திரம் இந்த மண்ணுக்கு உண்டு. அத்தகைய மண்ணில் 1924-இல் எழுந்ததுதான் கிரின்ஸ்டெட் இரசாயன ஆலை. ஐஸ்கிரீமிலும் ரொட்டியிலும் எண்ணெயும் நீரும் பிரியாதிருக்கச் செய்யும் பொருள்களால் பின்னாளில் உலகப் பெயர் பெற்ற அவ்வாலை, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருந்துகளையும், அவற்றுள் சல்பா மருந்துகளையும் செய்து வந்தது.

சல்பாவின் மகிமையை இன்றைய தலைமுறை அறியாது. 1935-இல் ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் டோமாக், சல்பா இனத்தைச் சேர்ந்த புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயப்பொருளின் நோய் தீர்க்கும் ஆற்றலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, ஊசி குத்திய கையில் சீழ் பிடித்துக் கிடந்த தம் சிறு மகளுக்கும் அதைக் கொடுத்துக் காப்பாற்றினார். குழந்தையின் இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதென்றால் பெற்றோர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம் அது.

அந்த அமுதத்தைக் காய்ச்சிய ஆலையின் கழிவு எங்கே போயிற்று? ஆற்றில் ஒரு பகுதி, ஊர்க் குப்பைமேட்டில் ஒரு பகுதி. 1956 முதல் 1973 வரை, அதிகாரிகளின் அனுமதியோடு, ஏறத்தாழ 2,80,000 கன மீட்டர் கழிவுநீர் மேற்குக் கடற்கரையிலுள்ள கேர்கோர் மணற்குன்றுகளில் வெட்டிய குழிகளில் கொட்டப்பட்டது. மணல் எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. 1995-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கிரின்ஸ்டெட் குப்பைமேட்டை அடுத்த நிலத்தடி நீரைச் சோதித்தபோது, அதில் சல்பா மருந்துகளே கரைந்திருந்ததைக் கண்டு எழுதினார்கள். நோயாளியின் உடம்பில் அளவறிந்து செலுத்த வேண்டிய ஔஷதம், அளவின்றி மண்ணுக்குப் புகட்டப்பட்டது. அனுமதி பெற்றுச் செய்த காரியம் என்பதால் அதன் தோஷம் குறைந்துவிடாது என்பதே என் துணிபு.

மருந்து கிருமியைத் தொடும் இடமெல்லாம், அம்மருந்தைத் தாங்கும் கிருமி மிஞ்சி நிற்க வாய்ப்புண்டு. இதைத் திராட்சைக் குலைபோல் திரளும் ஸ்டாஃபைலோகாக்கஸ் நமக்குத் தெளிவாகக் கற்பித்தது. பெனிசிலின் வந்த சில ஆண்டுகளுக்குள் அக்கிருமி அம்மருந்தை வென்றது. 1959-இல் வந்த மெத்திசிலின் என்ற மருந்துக்கும் அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸை 1961-இல் இங்கிலாந்தில் அறிவித்தார்கள். இதனினும் கவலைக்குரியது வேறொன்று. இரத்தத்தின் வெள்ளணுக்களைத் துளைத்துக் கொல்லும் இக்கிருமியின் நஞ்சொன்றை 1932-இல் பான்டன், வாலன்டைன் என்ற இருவர் விவரித்தனர். அந்த நஞ்சுக்குரிய மரபணுக்கள், கிருமியையே பற்றி வாழும் வைரஸ் மூலம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. மருந்தெதிர்ப்பு மரபணு வேறு வழியாக வருகிறது. இரண்டும் ஒரே கிருமியில் கூடினால் விளைவு என்னவென்பதை, 1997-க்கும் 1999-க்கும் இடையே அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாகாணங்களில் மாண்ட நான்கு குழந்தைகள் உலகுக்கு உணர்த்தினார்கள்; மருத்துவமனையில் தொற்றும் கிருமியென்று எண்ணப்பட்டது, ஆரோக்கியமாயிருந்த பிள்ளைகளை வீட்டிலேயே தேடி வந்தது.

டென்மார்க் 2006 நவம்பரிலிருந்து மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸைக் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென்று விதித்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் அதன் ஒரு குலம் பெருகிப் பரவியது. அக்குலத்தில் மேற்கண்ட நஞ்சு மரபணு பெரும்பாலும் இல்லை; ஆயினும் வைரஸ் வழியே வரும் பொருள் இனி ஒருநாளும் வராதென்று யாரால் சொல்ல முடியும்? கிரின்ஸ்டெட் மண்ணிலுள்ள மருந்தையும் பண்ணைக் கிருமியையும் காரண காரியமாக முடிச்சுப் போடுவது நியாயமன்று. ஆனால் மருந்தை ஆலையிலும் பண்ணையிலும் கணக்கின்றி இறைத்த மனப்பான்மை ஒன்றே.

கேர்கோர்க் குன்றுகளில் சில குழிகளைத் தோண்டி மாசு அகற்றியிருக்கிறார்கள். குழிகளை ஒட்டிய கடற்கரையில் நெடுங்காலம் குளிக்கத் தடையிருந்தது. அலைக்கு அருகே மணலில் குழி பறித்து விளையாடக் குழந்தைகளை அந்நாளில் அங்கே பெற்றோர் விட்டிருக்கமாட்டார்கள்.