பஞ்சம் வெட்டிய நீர்வழி

ரயிலும் லாரியும் வருமுன் ஊரோடு ஊரை இணைத்தவை ஆறும் கழியும் படகுமே. மாட்டு வண்டி ஏற்றும் பாரத்தைப் போலப் பல மடங்கு பாரத்தை ஒரு படகு எளிதாகச் சுமக்கும். ஆனால், நம் கிழக்குக் கரையின் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் கலப்பவை. வடக்கும் தெற்குமாகப் பயணம் செய்ய அவை உதவா. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே பக்கிங்காம் கால்வாய்.

1806-ஆம் ஆண்டில் பேசில் கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரம் கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837-இல் அரசாங்கம் அதை ஏற்றது. காலப்போக்கில் வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளம் பெற்றது.

கடலின் ஏற்ற வற்றமே இக்கால்வாய்க்கு நீர் தந்தது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். நெல்லும் உப்பும் சவுக்கு விறகும் இவ்வழியே சென்னைக்கு வந்து சேர்ந்தன. மாமல்லபுரத்திற்குத் தோணியில் சென்ற பயணத்தைப் பாவேந்தர் பாரதிதாசன் கவிதையாகவே பாடியுள்ளார்.

இக்கால்வாயின் ஒரு பகுதிக்குக் கண்ணீர்க் கதை உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொல்லிவந்த 1876-78 பெரும் பஞ்சத்தில், பசித்து வந்த ஏழைகளுக்கு நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. ஒட்டிய வயிற்றோடு மண் சுமந்தவர்கள் எத்தனையோ பேர்! கால்வாய்க்கு இடப்பட்டதோ அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

ரயிலும் சாலையும் பெருகப் படகுகள் குறைந்தன. 1965-66, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகரத்தின் சாக்கடையும் அதில் கலந்தது. பறக்கும் ரயிலின் தூண்களும் அதிலேயே ஊன்றப்பட்டன. ஆயினும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பொங்கி வந்தபோது, நாம் மறந்துவிட்ட அதே கால்வாய் பல இடங்களில் அலைநீரைத் தன்னுள் வாங்கி, கரையோர மக்கள் பலரைக் காத்தது. 2008-இல் அது தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

விழா மலர்களில் பொருள் ஈந்தோரின் பெயர்களை நன்றியோடு அச்சிடுகிறோம். அது முறையே. ஆனால் கல்லும் மண்ணும் சுமந்தோர் பெயர் கால்வாயிலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை. நம் ஊரின் குளத்தையும் பாதையையும் கோயிலையும் உழைத்து உருவாக்கியவர் யார் யார் என்று, முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நாளைய தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் நல்ல சொத்து அதுவே.