மொட்டை மாடி

‘நவீனத்துவக் கட்டடக்கலை’ என்ற பெயரைக் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் எந்தக் கொத்தனாரும் சொல்லிக் கேட்க முடியாது. அந்தக் கலையின் சரக்கு மட்டும் தெருவுக்குத் தெரு கிடக்கிறது: காங்கிரீட் தூண், பீம், ஜன்னலுக்கு மேல் சன்ஷேட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தட்டைத் தளம். ஐரோப்பாவில் புத்தகம் புத்தகமாக வாதாடி நிலைநாட்டப்பட்ட அந்தத் தளத்துக்கு நம் ஊர் இரண்டே சொல்லில் பெயர் வைத்துவிட்டது. மொட்டை மாடி. முதற்சொல்லில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது. இரண்டாவது சொல்லில் சங்க காலத்து வாசனை.

வாசனையிலிருந்து தொடங்குவோம். மாடி, மாடம் என்ற சொல்லின் கிளை. சங்கப் பாட்டில் மாடம் என்றால் அடுக்கடுக்காக உயர்ந்த வீடு, செல்வர் வீடு. மதுரைக்கே நான்மாடக் கூடல் என்று பெயர். (பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்வதால் திருமுக்கூடலும் ஒரு கூடல்தான், மாடமில்லாத கூடல்.) அவ்வளவு பெரிய சொல் பிறகு சுருங்கிப் போனது. சுவரில் அகல் வைக்கிற குழி மாடம் ஆயிற்று. முற்றத்துத் துளசிக்கு ஒரு மாடம், புறாவுக்கு ஒரு மாடம். மலையாளத்திலோ மாடம் குடிசை வரைக்கும் இறங்கிவிட்டது. மரத்தின் மேல் கட்டும் காவல் குடிலை ஏறுமாடம் என்கிறார்கள். உயரம் என்ற பொருளை விடாமல் பிடித்துக்கொண்டது மாடி ஒன்றுதான்.

அந்த மாடியும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் நேரே தட்டைக் கூரைக்கு வந்து சேரவில்லை. கீற்றும் நாட்டு ஓடும் நிறைந்த தெருவில் தளம் போட்ட வீடு ஒன்றிரண்டு இருந்தால் அது ‘மெத்தை வீடு’. அங்கே குடியிருந்தவர் மெத்தை வீட்டுக்காரர். அது கிட்டத்தட்ட ஒரு பட்டம். படுக்கிற மெத்தையும் இந்த மெத்தையும் ஒரே சொல்லா என்பது தனி வழக்கு. தெலுங்கில் தளம் போட்ட வீட்டை ‘மித்தெ’ என்பதால், ஆந்திர எல்லைக்குப் பக்கமான இந்த வட்டாரத்தில் இரண்டும் உறவாடியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. தெற்கே போனால் இதே இடம் தட்டட்டி. சில ஊர்களில் தார்சு. அது ஆங்கில ‘டெரஸ்’ நம் நாக்கில் உருண்டு வந்தது.

மெத்தை வீட்டின் தளத்தில் காங்கிரீட்டும் இல்லை, கம்பியும் இல்லை. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சுண்ணாம்போடு சேரும். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டட நூல்களில் ஏறியது இந்த வேலைதான். தட்டையான கூரையை நமக்குக் கற்றுக்கொடுக்க ஐரோப்பாவிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்தவை சிமென்ட்டும் கம்பியும், அவை கொண்டுவந்த மலிவும் வேகமும்.

‘மாடி’ எண்ணிக்கை அலகாக நம் பேச்சில் ஊன்றியதற்கு ஒரே ஒரு கட்டடத்தைக் காரணம் காட்டலாம். சென்னை மவுண்ட் ரோடில், யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்டது. வரைந்தவர்கள் லண்டனின் பிரவுன், மூலின். செட்டியார் 1954இல் விமான விபத்தில் இறந்தார், 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று, கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று வேலையை முடிக்க, 1959இல் 177 அடி உயரத்தில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிப் பழகிய நகரம் காங்கிரீட் தூண்களுக்கு மாறியதன் அடையாளம் அது. சனங்களுக்கு அது ‘பதினாலு மாடி’. எத்தனை தளம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பன்னிரண்டு, பதினைந்து என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். பட்டணம் பார்க்கப் போனவர்கள் பதினாலைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, மொட்டை ஏன்?

சிற்பிகள் கோயில் விமானத்தை உடம்பாகப் பார்ப்பவர்கள். அடியில் அதிட்டானம், பிறகு கால், அதன் மேல் பிரஸ்தரம், கழுத்து, தலையாகச் சிகரம், உச்சியில் ஸ்தூபி. இந்தக் கண்ணுக்குச் சிகரமில்லாத கட்டடம் தலையில்லாதது. முடியாமல் நின்ற கோபுரம் மொட்டைக் கோபுரம். அதே போலத்தான் கூரை முகடு இல்லாத வீட்டையும் மொட்டை என்றார்கள் என்பது ஒரு விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஜெர்மனியிலும் இப்படி ஒரு கேலி நடந்தது. 1927இல் ஸ்டுட்கார்ட் நகரில் நவீனக் கட்டடக்காரர்கள் தட்டைக் கூரை வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். பிடிக்காதவர்கள் பிற்பாடு அந்தப் படத்தில் ஒட்டகங்களை ஒட்டி, அரபுக் கிராமம் என்று அஞ்சலட்டை போட்டார்கள்.

ஆனாலும் இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கோயில் மண்டபத்தின் கூரையும் தட்டைதான். திருமுக்கூடல் கல்வெட்டில் வீரராசேந்திர சோழன் காலத்துப் பள்ளியும் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையும் வருகின்றன; அந்தப் பள்ளி நடந்ததும் ஒரு மண்டபத்தில்தான். மண்டபத்தை யாரும் மொட்டை என்றதில்லை. மொட்டை என்பது வீட்டுக்கு வைத்த பெயரல்ல, அந்தத் தளத்துக்கு வைத்த பெயர். மாடி என்றால் மேலே அறை இருக்க வேண்டும், அறைக்குக் கூரை இருக்க வேண்டும். படியேறிப் போனால் தரை இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது, மேலே வானம். அறை முளைக்காத மாடி, ஆகவே மொட்டை. பேச்சிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ‘மொட்டை மாடில ஒரு ரூம் போட்டுட்டோம்’ என்று சொன்ன மறுநாளே அந்தத் தளம் வெறும் மாடி ஆகிவிடும். மொட்டை மாடி என்ற பெயர் புது ரூமின் தலைக்கு ஏறிவிடும். தூண் உச்சியில் வெட்டாமல் விட்ட கம்பிகள் அந்த அடுத்த ஏற்றத்துக்குத்தான்.

நவீனத்துவக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே தன் ஐந்து கொள்கைகளில் ஒன்றாகக் கூரைத் தோட்டத்தை வைத்தார். நம் மொட்டை மாடியில் தோட்டத்தைவிட வடாமும் மிளகாயும்தான் அதிகம் விளைந்தன. கோடை இரவில் பாய் போட நல்ல இடம்; ஆனால் பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில் கீழே இருப்பவர் மேல் இறக்கும். இது தெரியாமல் யாரும் கட்டவில்லை. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, இந்தியாவின் முதல் காங்கிரீட் நவீனக் கட்டடங்களில் ஒன்று. 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. அதை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் அதன் தளத்தை மொட்டையாக விடவில்லை. வளைந்த காங்கிரீட் ஓடுகளை மேலே கவிழ்த்து, நடுவில் காற்றோட இடம் விட்டார். நமக்கு வந்து சேர்ந்த நவீனத்தில் அந்த இரண்டாவது கூரை மட்டும் காணாமல் போயிற்று. மிச்சம்பிடித்த செலவு அதில்தான்.

பிறகு அரசாங்கம் வந்தது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் திட்டம். 2024இல் கனவு இல்லம் என்ற பெயரில், 2030க்குள் 8 லட்சம் வீடு, ஒவ்வொன்றும் 360 சதுர அடி. தீப்பிடிக்காத, ஒழுகாத கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது கீற்றுக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். வெயிலைப் பற்றி அவர்களிடம் பாடம் நடத்த எனக்கு மனம் வராது. மெத்தை வீட்டுக்காரர் என்ற பட்டம் செத்தது இதில்தான். எல்லோர் வீட்டிலும் தளம் இருந்தால் யாரை அப்படிக் கூப்பிடுவது? சென்னையின் மாடிகள் உயர உயர, பாலாற்று மணலும் திருமுக்கூடல் சுற்றுவட்டாரக் குவாரிகளின் ஜல்லியும் லாரி லாரியாக வடக்கே போயின.

இப்போது தளத்துக்கு மேல் இரும்புக் கம்பம் நட்டு ஷீட் போடுகிறார்கள். ரேமண்ட் செய்ததைத் தகரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லலாம். மேலே கூரை வந்துவிட்டது. பேச்சில் இன்னும் மொட்டை மாடிதான். மதுரையின் வடக்குக் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முழுமை பெற்ற பிறகும் மொட்டைக் கோபுரமாகவே இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரமோ 1987இல் முடிந்ததும் ராஜகோபுரமாகிவிட்டது. ஷீட்டுக்கு அந்த யோகம் வராது. மதுரை வழிதான் என்று நினைக்கிறேன்.