காசு

காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன்மணி, நாணயம், பணம், குற்றம் எனப் பல பொருள் தரும் தமிழ்ச் சொல். யாப்பிலக்கணத்தில் இது ஒரு வாய்பாடு.

அணியும் நாணயமும்: இச்சொல்லின் பழைய ஆட்சிகளுள் ஒன்று குறுந்தொகை 67ஆம் பாடலில் உள்ளது. கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசுக்கு ஒப்பிடுகிறார் அள்ளூர் நன்முல்லையார். பழுத்த வேப்பம்பழம் மஞ்சளாய் உருண்டிருக்கும். ஆகவே இங்கே காசு என்பது தட்டையான நாணயத்தைவிட உருண்டை மணிக்கே பொருந்துகிறது. காசுமாலை என்னும் அணியின் பெயரில் நகையும் நாணயமும் ஒன்றுசேர்கின்றன. எடையளவைக் குறிக்கும் 'கர்ஷ' என்ற வடசொல்லிலிருந்து காசு என்னும் சொல் வந்தது என்பாரும் உளர்.

சோழர் காலத்தில் காசு கணக்கின் அலகாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாக வைத்த காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு (1/8) வட்டி விதிக்கின்றன. பிற்காலத்தில் பெயர் செப்புக்கு இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணய முறையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இம்முறை நீடித்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் ஒருபுறம் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் பொறித்த அம்மன் காசை வெளியிட்டனர்.

பிறமொழிகளில்: காசு போர்த்துகீசியத்தில் 'கைஷா' ஆகி, ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. நடுவில் துளையிட்ட சீனச் செப்பு நாணயங்களையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு. அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது.

குற்றம்: கம்பர் தம் பாயிரத்தில் இராமனின் வெற்றியைக் 'காசு இல்'லாதது என்கிறார், குற்றமற்றது என்பது பொருள்.

யாப்பு: வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். 100ஆம் குறளின் இறுதியிலுள்ள 'தற்று' காசு வாய்பாடு.

இன்றைய வழக்கு: 1957இல் தசம நாணய முறை வந்தபின் தமிழகத்தில் பைசாவை ஐந்து காசு, பத்துக் காசு என்றனர். ஈழத்துப் பேச்சில் எந்தப் பெருந்தொகையும் காசுதான்.