கள்ளுக்கடையும் கூட்டமும்: தோட்டப்புற வரலாற்றில் ஒரு நோக்கு

காற்பந்து அரங்கில் மது விற்கலாமா என்னும் வினாவிற்கு மேலை நாடுகள் சட்டத்தால் விடை கண்டன. 1980 மே 10ஆம் நாள் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க் அரங்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரசிகர்கள் ஆடுகளத்தினுள் புகுந்து மோதிக்கொண்டனர். அவ்வாண்டே ஸ்காட்லாந்திலும், 1985இல் இங்கிலாந்திலும் அரங்க மது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் கத்தார் உலகக் கிண்ணம் தொடங்க இரு நாள்களே இருக்கையில் அரங்குகளைச் சூழ்ந்த பகுதிகளில் பீர் விற்பனை நிறுத்தப்பட்டது. குடித்த கூட்டத்தைக் கண்டு அதிகாரம் அஞ்சிய வரலாறு இது. மலாயாத் தோட்டங்களின் வரலாறோ இதற்கு நேர்மாறானது.

1982 வரை தெலுக் அன்சன் என வழங்கிய தெலுக் இந்தானைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்களும், பகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டங்களும் பரந்திருந்தன. அக்காலத் தோட்டங்களில் காற்பந்துத் திடல், கோயில், கள்ளுக்கடை ஆகிய மூன்றும் ஒரே நிருவாகத்தின் எல்லைக்குள் அடங்கின. தோட்டக் கள்ளுக்கடை நிருவாகத்தின் பொறுப்பிலேயே நடந்தது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்குரியது என்றனர். கூலியாய்க் கொடுத்த காசு கடைவழியே திரும்பி, நலநிதியென்னும் பெயரில் தொழிலாளிக்கே 'வழங்கப்பட்டது'. இக்கணக்கில் கொடையாளி யார் என்று வகுப்பறையில் கேட்டுப் பார்க்கலாம்.

இதனைத் தொழிலாளர் உணராதிருக்கவில்லை. 1941இல் ஆர்.எச்.நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வோடும், துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவை நீக்குவதோடும் சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரப்பட்டது. மதுவிலக்கை அறிவுரையாகவே படித்துப் பழகிய நமக்கு, அது தன்மானக் கோரிக்கைகளின் வரிசையில் நிற்பது சிந்தனைக்குரியது. நாதன் கைது செய்யப்பட்டார், படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

போருக்குப்பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தோன்றிய அப்படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவலர் அவர்களைத் தாக்கினர்; தொழிலாளர் ஒருவர் உயிர்நீத்தார்.

ஹாம்டன் பார்க்கில் காவலர் எதிர்கொண்டது குடித்த கூட்டம். பீடோங்கில் அவர்கள் அடித்துக் கலைத்தது குடியை மறுத்த கூட்டம். கூட்டத்தால் விளையும் இடர் குடியினால் மட்டுமே அளக்கப்பட்டதன்று என்பது இதனால் தெளிவாகும். ஒழுங்காகத் திரண்ட தொழிலாளரே ஆட்சியாளருக்குப் பேரச்சமாயினர் எனக் கருதுகின்றோம். தொண்டர் படை ஒடுக்கப்பட்டது. தோட்டக் கள்ளுக்கடைகளோ நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் நடந்துவந்தன.