இயந்திரத்தின் நோயும் உழைப்பாளியின் செவியும்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஜேம்ஸ் வாட்டையும் ஜோர்ஜ் ஸ்டீவன்சனையும் அறியாத மாணவர் நம் பாடசாலைகளில் அரியர். அவர்கள் படைத்த இயந்திரங்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடவைத்தோர் யாவர் என்று வினவினால், நம் பாடநூல்களில் விடை காண்பது எளிதன்று. படைப்பு ஒருமுறை நிகழ்வது. பராமரிப்போ நாள்தோறும் நிகழ்ந்தாக வேண்டிய உழைப்பு. அவ்வுழைப்பின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குக் கொழும்பு மருதானையைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அதிகமில்லை.

1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை இலங்கையின் முதற் புகையிரதம் ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதே ஆட்சியாளரின் நோக்கமாயிருந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில், நாற்பத்தைந்து அடி செல்வதற்குள் ஓரடி உயரும் பாதையில், பாரமேற்றிய வண்டிகளை நீராவி எஞ்சின்கள் இழுத்தன. இறக்கத்திலோ தடைக்கட்டைகளும் சில்லுகளும் சூடேறித் தேய்ந்தன. இவ்வெஞ்சின்களைக் கழற்றி, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் பாதைக்கு அனுப்பும் பணி மருதானையில் அமைந்த புகையிரதப் பட்டறையில் நடைபெற்றது. உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்த அக்காலத்தில், பல பாகங்களை இங்கேயே வார்த்தும் கடைந்தும் கொள்வதன்றி வேறு வழியில்லை. ஆகவே, பழுதுபார்ப்பதற்கெனத் தோன்றிய பட்டறை, நாட்டின் நவீன இயந்திரத் தொழிலறிவுக்கு ஒரு பள்ளியாகவும் விளங்கிற்று.

நீராவி எஞ்சின் தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கொதிகலனில் ஊற்றும் நீரிலுள்ள உப்புகள் உட்சுவரில் சுண்ணப் படிவாக உறைகின்றன. படிவு தடித்தால் வெப்பம் நீரைச் சென்றடையாது. உலோகமே பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். எனவே குறித்த நாள்களுக்கொருமுறை கொதிகலனைக் குளிரவைத்து, நீரை வடித்து, உள்ளே கழுவித் துலக்குவர். பழுது தோன்றுமுன்னரே காலக்கணக்குப்படி செய்யும் இத்தகைய பணிக்குத் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர். மற்றொரு காவலும் உண்டு. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய துளை ஒன்றை வைத்திருப்பர். நீர்மட்டம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் ஈயம் உருகும். நீராவி சீறிப் பாய்ந்து, பெருவெடிப்பு நேருமுன் எச்சரிக்கும்.

காலக்கணக்குக்கு அகப்படாத நோய்களும் உள. அவற்றை அறியச் செவியே கருவியாயிற்று. பிரித்தானிய முறையில் அமைந்த புகையிரதங்களில், நிலையத்தில் நிற்கும் வண்டியின் சில்லுகளை நீண்ட பிடியுடைய சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிச் செல்லும் தொழிலாளி ஒருவர் இருந்தார். பழுதற்ற சில்லு மணிபோல் ஒலிக்கும். வெடிப்புற்ற சில்லு மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பை ஒலியால் அறிந்து, இச்சில்லு அடுத்த பயணத்தைத் தாங்காது என்று அவர் முன்கூட்டியே தீர்ப்பளித்தார். இன்று பொறியியல் நூல்கள் முன்னறி பராமரிப்பு என்று கூறுவதன் வித்து இதுவே. அதைக் கையாண்டவர் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்லர். நாட்கூலி பெற்ற தொழிலாளி.

இரும்பு ஏன் முன்னறிவிப்பின்றி முறிகிறது என்ற கேள்வியை அறிவியலின் முன் வைத்ததும் புகையிரதமே. 1842 மே 8ஆம் நாள் வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய வண்டியின் எஞ்சின் இருசு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் தீக்கு இரையாயினர். இத்தகைய முறிவுகளை ஆராய்ந்த ஸ்கொத்லாந்தினரான ரான்கின், இருசின் திருப்பங்களில் வெடிப்பு சிறிது சிறிதாக வளர்வதைச் சுட்டினார். பின்னர் யேர்மனியில், புகையிரதப் பணியிலிருந்த அவுகுஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கக்கூடிய பாரமும் பன்னூறாயிரம் முறை ஏறியிறங்கினால் இரும்பை முறித்துவிடும் என்று நிறுவினார். 1870இல் அவர் முடிவுகள் தொகுத்து வெளியாயின. உலோகமும் களைப்படையும் என்ற உண்மை இவ்வாறு அறிவியலின் ஏட்டில் ஏறிற்று.

உலோகத்தின் களைப்பை அளந்த நூற்றாண்டு, உழைப்பாளியின் களைப்பை அளக்க முற்படவில்லை. 1893இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி மருதானையில் கைவினைஞரையும் கீழ்நிலை அலுவலரையும் பயிற்றியது. தலைமைப் பொறியியலாளர் பதவிகளோ நெடுங்காலம் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. எஞ்சினின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவர்க்கு அதனைப் பற்றிய முடிவுகளில் குரலில்லை. 1912இல் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் மூண்டபோதும் புகையிரதத் தொழிலாளர் அதில் முன்னின்றனர். இது தற்செயலன்று. தம் கைகள் ஓய்ந்தால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிடின் தேயிலை துறைமுகம் சேராது. இவ்வுண்மையைப் பராமரிப்புத் தொழிலாளரைவிட நன்கறிந்தவர் எவர்?

1930களில் பட்டறை இரத்மலானைக்கு இடம்பெயர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1949இல் பீ. டீ. ரம்பால பிரதான இயந்திரப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே. அவர் காலத்தில் நீராவி விடைபெறத் தொடங்கி டீசல் வந்தது. 1953ஐ ஒட்டிப் பிரித்தானியாவிலிருந்து 25 எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து 1954 முதல் வேறொரு வகை எஞ்சின்கள் வந்து, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடின. பிரித்தானிய எஞ்சின்கள் பணியினின்று நீங்கிவிட்டன. கனடிய எஞ்சின்களிற் சில 2020களிலும் ஓடின. வடிவமைப்பின் சிறப்பு இதற்கு ஒரு காரணம். அறுபது எழுபது ஆண்டுகள் அவற்றைக் கழற்றிப் பூட்டிய கைகள் மற்றொரு காரணம். முதலாவதைப் போற்றும் நூல்கள் பல; இரண்டாவதைக் குறிப்பிடுவன சில.

டீசல் எஞ்சினோடு நோயறியும் முறையும் மாறிற்று. எஞ்சினுள் சுற்றிவரும் மசகெண்ணெய், தேயும் பாகங்களின் உலோகத் துகள்களைச் சுமந்து வருகிறது. மருத்துவர் குருதியைச் சோதிப்பதுபோல அவ்வெண்ணெயைச் சோதித்தால், செம்பு மிகுந்திருப்பின் தாங்கி தேய்கிறது என்றும், இரும்பு மிகுந்திருப்பின் உருளையோ வளையமோ தேய்கிறது என்றும் ஊகிக்கலாம். அமெரிக்கப் புகையிரத நிறுவனங்கள் 1940களில் இம்முறையைக் கையாளத் தொடங்கின.

அடிக்கடி கழற்றிப் பார்ப்பதே நற்பராமரிப்பு என்று எண்ணுதலும் தவறு. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியக் கரையோர விமானப்படையில் பணியாற்றிய உயிரியல் அறிஞர் வாடிங்ரன், விமானங்களின் பழுதுகள் காலமுறைச் சோதனைக்கு அடுத்த மணிகளிலேயே மிகுந்திருப்பதைக் கண்டார். நன்றாயிருந்ததைக் கழற்றியதே பழுதுக்கு வழியாயிற்று! 1978இல் அமெரிக்க விமான நிறுவனமொன்றின் பொறியியலாளர் நவ்லனும் ஹீப்பும் வெளியிட்ட அறிக்கை, விமானப் பாகங்களில் நூற்றுக்கு 11 மட்டுமே வயது ஏற ஏறத் தேய்ந்து பழுதாகும் இயல்பின என்று காட்டிற்று. ஏனையவற்றுக்கு நாட்காட்டி பயன்படாது. அவற்றின் நிலையைக் கவனித்தே முடிவு செய்யவேண்டும். சில்லைத் தட்டிய தொழிலாளியின் செவிக்கே அறிவியல் சுற்றிவளைத்துத் திரும்பியது எனலாம்.

பராமரிப்பு அரசியற் பிரச்சினையாவது இங்கேதான். புதிய இயந்திரம் வாங்கினால் நாடா வெட்டலாம். படம் பத்திரிகையில் வரும். பழைய தாங்கியை மாற்றினால் எவரும் மாலையிடார். எனவே நிதி சுருங்குங்காலை, வெட்டு முதலில் விழுவது பராமரிப்பின் மீதே. ஒத்திப்போட்ட பராமரிப்பு மறைந்து போவதில்லை. அது வட்டி வளரும் கடன். அக்கடனைத் திருப்பிச் செலுத்துவோர் பாதிவழியில் நின்ற வண்டியில் தவிக்கும் மூன்றாம் வகுப்புப் பயணியும், போதிய கருவியின்றி இருட்டில் எஞ்சினுக்கடியிற் படுத்திருக்கும் தொழிலாளியுமே. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதி தடைப்பட்டபோது, உதிரிப்பாகம் என்பது நாட்டின் இறைமையோடு பிணைந்த பொருள் என்பதை நாம் யாவரும் உணர்ந்தோம்.

அந்த இறைமையின் வேர் எங்குள்ளது என்பதற்கு ஒரு சான்று போதும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள், ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பெரலியப் பேரழிவில், ஆழிப்பேரலை புரட்டிய வண்டியை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்கக் கனடிய எஞ்சின். மனிற்றோபா என்பது அதன் பெயர். பயனற்ற இரும்பாகக் கருதப்படத்தக்க அதனை நம் புகையிரதத் தொழிலாளர் சீர்செய்து மீண்டும் பாதையில் ஓடவைத்தனர்.

இன்று இயந்திரத்தின் அதிர்வையும் வெப்பத்தையும் உணர்கருவிகள் அளக்கின்றன. கணினி கணித்துச் சொல்கிறது. மருதானைத் திரிப்போலிச் சதுக்கத்தின் பழைய பண்டகசாலைகளிலேயே இன்று கணினி நிறுவனங்கள் இயங்குகின்றன. இக்கருவிகளை வெறுப்பது அறியாமை. இருட்டிற் படுத்துச் சோதிக்கும் இன்னலை அவை குறைக்குமாயின் வரவேற்போம். ஆனால் தொழிலாளியின் செவியில் இருந்த அறிவு நிறுவனத்தின் கணிப்பொறிக்கு மாறும்போது, அவ்வறிவின் உடைமையும் மாறுகிறது என்பதை மறத்தலாகாது. எதிர்காலம் இரு திசைகளில் செல்லக்கூடும். 1971 முதல் யப்பானில் பரவிய முழுப்பங்கேற்புப் பராமரிப்பு, இயந்திரத்தை இயக்குவோரே அதனைப் பேணவும் அறியவும் வேண்டும் என்றது. அறிவைத் தொழிலாளியிடம் திருப்பித் தந்தது அதன் ஒரு முகம். அதே கூலிக்கு இரண்டு வேலை வாங்க முதலாளிக்கு வழிகாட்டியது அதன் மறுமுகம். எம்முகம் மேலோங்கும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. தொழிலாளரின் அமைப்பு வலிமையே தீர்மானிக்கும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. கண்டுபிடித்தவர் பெயரை மாணவர்க்குக் கற்பிக்கும் அதே வகுப்பில், காத்தவர் உழைப்பையும் கற்பித்தல் வேண்டும். மருதானை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் மாணவன், தண்டவாளத்தருகே எண்ணெய் படிந்த உடையோடு குனிந்து சில்லை நோக்கும் மனிதரைக் கண்டு, அவர் ஓர் அறிவாளி என்று உணர்வானாயின், நம் கல்வி பயன்பெறத் தொடங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.