எள்ளும் ரொட்டியும் பெங்களூரும்

நம் அடுக்களையில் எள்ளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நீத்தார் கடனில் எள்ளும் நீரும் இறைக்கிறோம். மங்கல நாளில் எள்ளை முன்வைக்கத் தயங்கும் மூதாட்டியர் இன்றும் நம் இல்லங்களில் உளர். அதே எள்ளைத்தான் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எள்ளோரையாக்கிப் பெருமாளுக்குப் படைக்கிறோம். உருண்டையாக்கிக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து இந்நகரில் வந்து குடியேறிய நம் முன்னோர், தை முதல் நாள் மாலையில் கன்னட அயலாரின் சிறுமியர் பட்டுப் பாவாடை உடுத்து, எள்ளும் வெல்லமும் கொப்பரைத் துண்டும் வேர்க்கடலையும் கலந்த தட்டை ஏந்தித் தம் வாயிற்படியில் நின்றதை முதன்முறை கண்டபோது சற்றே திகைத்திருத்தல் கூடும். எள்ளைக் கொடுத்து நல்லுறவு வேண்டுவதும் ஒரு மரபு என்பதை இவ்வூர்தான் நமக்குக் கற்பித்தது.

எள்ளை மேனி முழுதும் போர்த்திக்கொண்ட ரொட்டி ஒன்று லெபனான் நாட்டில் உண்டு. அதனை அவர்கள் 'கஅக்' என்பர். பெய்ரூத் நகரத் தெருக்களில் விற்கப்படும் கஅக், பெண்கள் கையில் தொங்கும் பையைப் போன்ற வடிவினது. மேலே வளையம், கீழே உப்பிய வயிறு. விற்பவர் வளையத்தைக் கோலில் மாட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். கேட்பவருக்கு வயிற்றைக் கீறி, 'ஸஅதர்' என்னும் பொடியையோ பாலாடைக்கட்டியையோ உள்ளிட்டுக் கொடுப்பார். ஸஅதர் என்பது நம் ஓமத்தின் மணத்தை நினைவூட்டும் ஓர் இலையையும், புளிப்பான சுமாக்குக் கனித்தூளையும், வறுத்த எள்ளையும் கூட்டிய பொடி. ஆக, ரொட்டியின் மேலும் எள், உள்ளும் எள். கஅக் பழைமையான பண்டம். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சையார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே கஅக் வகைகள் இடம்பெற்றுள்ளன. ஒலியொப்புமை கண்டு இதனை ஆங்கிலேயரின் கேக்குடன் உறவுபடுத்த வேண்டா. அச்சொல் ஐரோப்பாவின் வடபுலத்து மொழியிலிருந்து வந்தது.

ரொட்டி அவர்களுடையதாயினும் எள் எங்கிருந்து சென்றது? நம் மேற்குக் கடற்கரைப் பகுதியில் தானே வளரும் காட்டெள்ளே பயிரெள்ளின் மூதாதை என்பது செடிநூலார் முடிபு. ஹரப்பாவில் 4,000 ஆண்டுகட்கு மேற்பட்ட கருகிய எள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து அது மெசொப்பொத்தேமியாவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பண்டைய அக்காதிய மொழியில் எள்ளெண்ணெய் வகை ஒன்றுக்கு 'எள்ளு' என்பதை ஒத்த பெயர் வழங்கியதைக் கொண்டு, பொருளுடன் பெயரும் சென்றது என்பாரும் உளர். அச்சொல்லுக்கு அம்மொழியில் 'தூய்மையானது' என்னும் பொருள் உண்மையால் வேறு சிலர் இதனை ஒப்புவதில்லை. தமிழ்ப்பற்று காரணமாக நாம் முந்திக்கொண்டு வெற்றி முரசு கொட்ட வேண்டியதில்லை. வித்து இங்கிருந்து சென்றது என்பதே போதிய பெருமை.

வித்து நம்முடையது, அதனைச் சுமக்கும் ரொட்டியை மட்டும் நாம் ஏன் செய்யவில்லை? காரணம் வெளிப்படை. நம் அடுக்களையில் அவிப்பது உண்டு, பொரிப்பது உண்டு, கல்லில் வார்ப்பது உண்டு. நாற்புறமும் அடைத்த வெப்பத்தில் மாவைச் சுடும் அடுப்பு இல்லை. பானையைச் சூளையில் சுட்டோம், சோற்றைப் பானையில் சமைத்தோம், அதனோடு நின்றோம். யாழ்ப்பாணத்துத் தமிழர் மட்டும் அவ்வடுப்புக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டனர். அவர்கள் ரொட்டியைப் 'பாண்' என்பர். அதைச் சுடும் அடுப்பைப் 'போறணை' என்பர். இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். வியப்பு யாதெனின், லெபனானில் அவ்வடுப்பின் பெயர் 'ஃபுர்ன்'. இலத்தீன் மொழியின் 'ஃபுர்னுஸ்' ஒரு வழியாக லிஸ்பன் சென்று யாழ்ப்பாணத்தில் போறணை ஆயிற்று. மற்றொரு வழியாகக் கிரேக்கர் நாவில் ஏறி பெய்ரூத்தில் ஃபுர்ன் ஆயிற்று.

பெங்களூருக்கு அவ்வடுப்பு வந்தது பட்டாளத்துடன். 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையை இங்கு மாற்றித் தண்டை நிறுவினர். அப்படையுடனும் அதன் பின்னும் வந்தோரில் பெரும்பகுதியினர் தமிழர்: சிப்பாய்கள், கொத்தர்கள், சமையற்காரர்கள், சலவையாளர்கள். பேட்டை ஒரு நகரமாகவும் தண்டு மற்றொரு நகரமாகவும் வாழ்ந்து, 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. ரொட்டி நெடுங்காலம் தண்டின் உணவாகவே இருந்தது. பேட்டையிலும், தண்டிலேயே வைதிகக் குடும்பங்களிலும், அது காய்ச்சல் கண்டவனுக்கு மருத்துவர் சொற்படி பாலில் நனைத்துக் கொடுக்கும் பத்தியம். தென்னாட்டில் மாவைப் புளிக்கவைக்கக் கள் சேர்ப்பது வழக்கமாயிருந்ததும், முட்டை சேருமோ என்னும் ஐயமும், பிசைந்த கை யாருடையது என்னும் கேள்வியும் சேர்ந்து ரொட்டியை வாயிலிலேயே நிறுத்தி வைத்தன.

அதனை உள்ளே அழைத்து வந்தவர்கள், ஒருவரும் எதிர்பாராதவர்கள். 1898ஆம் ஆண்டு, இந்நகரில் கொள்ளைநோய் புகுந்த அதே ஆண்டு, சிக்குப்பேட்டையில் எச். எஸ். திருமலாச்சார் என்பவரும் அவருடைய உடன்பிறந்தாரும் 'பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி' என்னும் ரொட்டிக் கடையைத் தொடங்கினர். இனிப்புக் கடை நடத்தியவரிடம் வாடிக்கையாக வந்த ஆங்கிலேயர் ஒருவர் அடுப்பின் நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. ஹாசன் சீமையிலிருந்து வந்த ஹெப்பார் ஐயங்கார்கள் அவர்கள். முட்டையை அறவே நீக்கினர். பின்வந்தோர் ரொட்டி மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துக் 'காரா பன்' செய்தனர். தேங்காய்ப் பூரணத்தை உள்ளிட்டுத் 'தில்பசந்து' செய்தனர். அவற்றின் அருகிலேயே எள்ளும் கடலையும் கலந்த நிப்பட்டை அடுக்கினர். சிக்குப்பேட்டைக்கு அண்மையில்தான் செக்காட்டுவோர் பெயரால் அமைந்த காணிகர்பேட்டை. எள்ளும் ரொட்டி அடுப்பும் இவ்வூரில் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தன.

இங்கே நம் சங்கத்து அன்பர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹெப்பார் ஐயங்கார்களின் வீட்டு மொழி தமிழ். இராமானுசர் காலத்தை ஒட்டி ஹொய்சள நாட்டில் குடியேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபு. எழுத்தும் கல்வியும் கன்னடமாகி எத்தனையோ தலைமுறைகள் சென்றும், கன்னடச் சொற்கள் மிடைந்த ஒரு தமிழை அவர்கள் வீட்டுக்குள் பேசி வந்துள்ளனர். நம்மில் பலர் அவர்தம் கடையில் நூறு முறை ரொட்டி வாங்கியிருப்போம். கல்லாவில் இருப்பவர் தம் மனைவியுடன் பேசிய தமிழைச் செவிமடுத்திருப்போமா? "அது தமிழா?" என்று நகைத்தவரையும் யான் அறிவேன். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்திப் பரிசளிக்கிறோம். இரண்டு தலைமுறையிலேயே நம் வீடுகளில் தமிழ் தள்ளாடுவதைக் காணும்போது, பல நூற்றாண்டுகள் பள்ளியின் துணையின்றி அதனைக் காத்தவர்களிடம் நாம்தாம் பாடம் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத மறுபக்கமும் உண்டு. 'ஐயங்கார்' என்னும் பெயர்ப்பலகையே ஒரு சான்றிதழாயிற்று. யார் கை பட்டது என்று கேட்டு ரொட்டியை ஒதுக்கியவர்கள், அக்கேள்விக்கு ஒரு சாதிப்பெயர் விடையாகக் கிடைத்த பின்னரே அதனை உண்டனர். தண்டின் ரொட்டிக் கிடங்குகளில் அதற்கு முன்பே விடியுமுன் எழுந்து மாவு பிசைந்த கைகளுக்கு எவரும் பலகை எழுதவில்லை. இன்று அப்பெயர் தாங்கிய கடைகள் பலவற்றைப் பிற வகுப்பினரும் நடத்துகின்றனர், வாங்குவோரும் கேட்பதில்லை. காலம் அந்த அளவுக்கேனும் நன்மை செய்துள்ளது.

தண்டுப் பக்கம் இக்கேள்வி முன்பே தளர்ந்திருந்தது. 1902இல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி, பிரேசர் டவுன் மசூதிச் சாலையில் இசுலாமியக் குடும்பத்தார் நடத்துவது. பெரிய வெள்ளிக்கிழமைக்குச் சிலுவைக் குறியிட்ட பன்களைக் கிறித்தவர்கள் வாங்குவதும் அங்கேயே. நோன்பு மாதத்து மாலையில் கூட்டம் நெரிவதும் அங்கேயே.

பின்னர் ரொட்டி ஆலைப் பொருளாயிற்று. 1965இல் நடுவண் அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தை அமைத்தது. 2000இல் அது தனியார் கைக்கு மாறியது. துண்டு துண்டாக அறுத்துத் தாளில் பொதிந்த ரொட்டி நம் வீட்டுக் காலைச் சிற்றுண்டியாயிற்று. பெயரும் மாறியது. ரொட்டி என்றால் கன்னட அயலார் அக்கி ரொட்டியை எண்ணுவராதலின், நம் பிள்ளைகள் 'பிரெட்' என்றே சொல்லப் பழகினர்.

வீட்டில் ரொட்டி சுடுதல் என்பது இவ்வரலாற்றின் கடைசி ஏடு. லெபனான் சிற்றூர்களிலும் எல்லா வீட்டிலும் அடுப்பு இருந்ததில்லை. பெண்கள் பிசைந்த மாவை ஊர்ப் பொது ஃபுர்னுக்கு எடுத்துச் சென்று சுட்டு வருவர். மின்னடுப்பு மலிந்த பின் நம் குடியிருப்புப் பெண்மணிகளும் இக்கலையில் இறங்கிவிட்டனர். ஹெப்பாலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் ரொட்டிப் பயிற்சியில் இல்லத்தரசியரும் சேர்ந்து கற்கின்றனர். முட்டையின்றிச் சுடும் வழியை ஐயங்கார்கள் காட்டிவிட்டமையால் கஅக் நமக்கு அரிதன்று. முட்டை தடவிப் பளபளப்பூட்டுவோர் அங்கு உண்டெனினும் பால் தடவினாலே எள் ஒட்டும்.

மைதா அரைக் கிலோவுக்கு உலர்ந்த ஈஸ்டு 7 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பாலும் நீரும் கலந்து வெதுவெதுப்பாக 300 மில்லி கொள்ளும். ஒலிவ எண்ணெய் அவர்கள் வழக்கம்; நல்லெண்ணெய் சேர்த்தாலும் குற்றமில்லை, மணம் எள்ளோடு இசையும். பத்து நிமிடம் அழுந்தப் பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணியில் இருமடங்காகும். மார்கழிக் குளிரில் இரண்டு மணியும் ஆகலாம், பொறுத்திருத்தல் வேண்டும். ஆறு பங்காக்கி, விரற்கடைப் பருமனில் தட்டி, ஒரு பக்கத்தில் சிறு கிண்ணத்தால் வட்டம் வெட்டி எடுத்தால் பை வடிவம் வந்துவிடும். மேலே பால் தடவி, எள் பரப்பிய தட்டில் கவிழ்த்து அழுத்துக. எள்ளை முன்னரே வறுத்தல் கூடாது. அடுப்பிலேயே அது வறுபடும். இருபது நிமிடம் மீண்டும் உப்பவிட்டு, 220 பாகை வெப்பத்தில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் பொன்னிறமாகும். ஸஅதர் கிடைக்காத வீட்டில் கீறி உள்ளிட நம் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் உண்டு. பெய்ரூத்தார் காணாதவரை கவலையில்லை. தட்டில் மிஞ்சிய எள்ளை எறிந்துவிட வேண்டா. வறுத்து மிளகாய்ப்பொடியில் சேர்த்துக்கொள்ளலாம்.