மார்த்தாண்ட வர்மா (மௌனப் படம், 1933)

நாகர்கோவில் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய இப்படம், சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மலையாளச் சரித்திர நாவலைத் தழுவியது. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்றும் காணக் கிடைக்கும் மிகச் சிலவற்றுள் இதுவே பிரதானமானது.

கதை: வேணாட்டரசர் ராமவர்மா நோயுற்றுக் கிடக்க, மருமக்கள் தாய முறைப்படி மன்னரின் மருமகனாய்ப் பட்டத்துக்குரிய மார்த்தாண்ட வர்மாவை விலக்கி அரசைக் கவர, 'தம்பி' என்னும் பட்டம் தாங்கிய மன்னரின் புதல்வர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்களோடு கூடிச் சதி செய்கின்றனர். மூத்த தம்பி, பாருக்குட்டி என்னும் கன்னியின்மீது மோகங்கொள்ள, அரண்மனைச் சம்பந்தத்தில் ஆசைவைத்துத் தாய் இசைகிறாள். மகளோ, மாண்டதாக ஊர் நம்பும் அனந்தபத்மநாபனையே நெஞ்சில் நிறுத்தி மறுக்கிறாள். இளவரசரைக் காக்க முனைந்த சுபத்திரை என்னும் பெண் தன் மாமன் கையாலேயே மடிகிறாள்.

வரலாறு: 1931-இலேயே 'காளிதாஸ்' படம் தமிழ் பேசிவிட்டது, ஆயினும் ஜெயதேவ், ஏ. வி. பி. மேனன் முதலியோர் நடித்த இப்படம், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுத்துப்பலகைகள் தாங்கி, மௌனமாகவே 1933-இல் திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் திரைக்கு வந்தது. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தகசாலையார், தம் அனுமதியின்றி எடுக்கப்பட்டதென வழக்குத் தொடுக்க, நீதிமன்றத் தடையால் காட்சி நின்றது. பிரதியும் புத்தகசாலையார் வசமாயிற்று.

அக்காலப் படச்சுருள், வெடிபஞ்சுக்கு இனமான நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து, பட்டாசின் காற்று புகாத காகிதக் குழாய்க்குள்ளும் வெடியுப்பு ஈயும் பிராணவாயுவால் எரிவதை நித்தம் காணும் சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தார், இச்சுருளின் சுபாவத்தையும் எளிதில் அறிவர்: எரிவதற்கான பிராணவாயுவைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், பற்றியபின் நீரில் அமிழ்த்தினும் அது அணையாது. தீக்குத் தப்பியவையும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாயின. ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' முதலாகத் தென்னாட்டு மௌனப் படங்களில் பெரும்பாலானவை இவ்வாறே மறைந்தன. ஊர் ஊராகச் சுற்றித் தேயாமல் புத்தகசாலைக் கிடங்கில் முடங்கியமையால், இப்பிரதி ஒன்று எஞ்சியது.

1974-இல் திரைப்படக் காப்பாளர் பி. கே. நாயர் அதனை மீட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் சேர்த்தார். ஒரு வழக்கின் விளைவாகத் தற்செயலாய்ப் பிழைத்த இப்படம், நம் கலைச்செல்வத்தின் பாதுகாப்பைத் தற்செயலிடம் விடலாகாது என்பதற்குச் சான்றாகும். பழைய கொட்டகையிலோ வீட்டுப் பரணிலோ ஒரு சுருள் தென்படினும், அதை அனலுக்கு அப்பால் வைத்துக் காப்பகத்துக்கு அறிவிப்பது கண்டவர் கடமை.